புற்றுநோய்க்கு மருந்து: அமெரிக்கர்கள் விசாரித்த வழிகள்

அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புற்றுநோய் கண்ட ஒருவர் அதற்கு என்ன வைத்தியம் என்று விசாரிக்க இரண்டு இடங்கள்தான் இருந்தன. ஒன்று குடும்ப மருத்துவர், மற்றொன்று செய்தித்தாள் விளம்பரம். மருத்துவர் பெரும்பாலும் நோயின் பெயரைக்கூடச் சொல்லமாட்டார். விளம்பரமோ பெயரையும் சொல்லும், குணமாகும் என்றும் சொல்லும், கத்தி வைக்க வேண்டாம், வலி இருக்காது, மருந்து தபாலில் வந்து சேரும் என்றும் சொல்லும். அடுத்த எண்பது, தொண்ணூறு ஆண்டுகளில் அந்நாட்டில் புற்றுநோய்த் தகவலுக்கு நேர்ந்தவற்றில் பெரும்பகுதி இதிலிருந்தே கிளைத்தது. மருத்துவம் வாய் மூடியிருந்த இடங்களிலெல்லாம் வியாபாரி பேசினார்.

அன்றைய மருத்துவத்தால் தர முடிந்ததும் குறைவுதான். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் 1890களில் நிலைநிறுத்திய மார்பக அறுவை, மார்பையும் அதன் அடித்தசையையும் அக்குளின் நிணநீர் முடிச்சுகளையும் ஒருசேர வெட்டியெடுத்தது. ரேடியம் அப்போதுதான் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. கத்திக்குப் பயந்தவர்களுக்குக் களிம்புக்காரர்கள் இருந்தார்கள். தோலுக்கு மேல் தெரியும் கட்டியில் காரக் களிம்பைத் தடவி, சதை கருகி உதிரவிடுவது அவர்கள் முறை. இது ஏதோ நாட்டு வைத்தியரின் கண்டுபிடிப்பு அல்ல. 1850களில் வெல்டன் ஃபெல் என்ற அமெரிக்கர், பிளட்ரூட் என்னும் வட அமெரிக்கச் செடியின் கிழங்கைத் துத்தநாகக் குளோரைடுடன் குழைத்து, லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையிலேயே நோயாளிகளுக்குப் பூசிக் காட்டினார். பிறகு மருத்துவர்கள் அதைக் கைவிட்டார்கள். கைவிட்ட செய்தி மருத்துவ இதழ்களைத் தாண்டவில்லை.

விளம்பரத்தின் பொய்யைத் தடுக்கச் சட்டமும் உதவவில்லை. 1906இல் அமெரிக்கா தன் முதல் உணவு மருந்துச் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் கான்சாஸ் நகரத்து ஜான்சன் என்பவர்மீது வழக்குப் போட்டார்கள். ‘கேன்சரின்’ மாத்திரை, ரத்தசுத்தி என்று பல புட்டிகளை ஒரே பொட்டலமாகக் கட்டி, புற்றுநோய் மருந்தென்று தபாலில் விற்றுவந்தவர் அவர். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1911இல் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு ஜான்சனுக்குச் சாதகமாக வந்தது. புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதில் பொய் சொன்னால்தான் குற்றம், அது நோயைத் தீர்க்கும் என்று சொல்வது இந்தச் சட்டத்துக்குள் வராது என்றார் ஹோம்ஸ். ஜனாதிபதி டாஃப்ட் உடனே நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். 1912இல் ஷெர்லி திருத்தம் வந்தது. அதிலும் ஒரு ஓட்டை: ஏமாற்றும் எண்ணத்தோடுதான் விற்றார் என்று அரசு நிரூபிக்க வேண்டும். தன் மருந்தைத் தானே நம்புவதாகச் சொல்லிவிட்டால் போதும், தப்பிவிடலாம். நோய் தீர்ப்பதாகப் பொய் சொல்லும் விற்பனையாளர்கள் அடுத்த கால் நூற்றாண்டு இந்த ஓட்டைக்குள்தான் குடியிருந்தார்கள்.

அரசு செய்யாததை ஓரளவு செய்தது அமெரிக்க மருத்துவச் சங்கம். சங்கத்தின் சிகாகோ அலுவலகத்தில் ஆர்தர் கிராம்ப் என்ற மருத்துவர் 1906 முதல் போலி மருந்துகளைப் பற்றிய விளம்பரங்கள், லேபிள்கள், நீதிமன்றத் தாள்கள், பகுப்பாய்வு முடிவுகள் எல்லாவற்றையும் கோப்புக் கோப்பாகச் சேர்த்தார். பெயர் தெரியாத மருந்தொன்றை வாங்கலாமா என்று கேட்டு ஆசிரியர்களும் இல்லத்தரசிகளும் வணிகர்களும் எழுதிய கடிதங்களுக்கு அங்கிருந்து பதில் போனது. புற்றுநோய் மருந்துகளைப் பற்றி ஒரு சாமானியர் எழுதிக் கேட்கக்கூடிய முதல் மேசை இதுதான் என்று சொல்லலாம். ஆனால் அந்த மேசை எது பொய் என்பதைச் சொன்னதே தவிர, எது மெய் என்று சொல்லும் பொறுப்பை எடுத்துக்கொள்ளவில்லை. அதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள் என்றுவிடும்.

போலி மருந்துகளை 1905இல் கோலியர்ஸ் வார இதழில் தோலுரித்துக் காட்டிய சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ், 1913இல் லேடீஸ் ஹோம் ஜர்னலில் புற்றுநோயைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். இருபது ஆண்டுகளுக்கு முன்பே போலி மருந்து விளம்பரங்களை வாங்குவதில்லை என்று அறிவித்த இதழ் அது. அந்த ஆண்டு மே மாதம் நியூயார்க்கின் ஹார்வர்டு கிளப்பில் 10 மருத்துவர்களும் 5 பொதுமக்களும் கூடிப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பின்னாளின் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதுவே. 1936இல் அது மகளிர் களப்படை என்ற அமைப்பை உருவாக்கி, காக்கிச் சீருடை அணிந்த பெண்களை வீடு வீடாக அனுப்பியது. 1935இல் 15,000 பேராக இருந்த புற்றுநோய்ப் பணியாளர்கள் 1938 முடிவில் பத்து மடங்கானார்கள். இத்தனை பேரும் கொண்டுபோன செய்தி ஒன்றே: கட்டி, ஆறாத புண், காரணமில்லாத ரத்தப்போக்கு என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போ. போன பிறகு அங்கே என்ன நடக்கும், எத்தனை வழிகள் உண்டு, எதற்கு என்ன பலன் என்பதெல்லாம் துண்டுப் பிரசுரத்தில் இல்லை. வானொலி நிலையங்கள் புற்றுநோய் என்ற சொல்லையே காற்றில் விடத் தயங்கின. 1940களில் மேரி லாஸ்கர் என்ற செல்வந்தப் பெண்மணி தன் செல்வாக்கைப் பயன்படுத்தித்தான் அந்தத் தயக்கத்தை உடைத்தார்.

சங்கம் நுழைய முடியாத அந்த வானொலியில் மற்றவர்கள் எப்போதோ நுழைந்துவிட்டிருந்தார்கள். அயோவா மாநிலத்து மஸ்கட்டீன் ஊரில் நார்மன் பேக்கர் என்பவர் 1925இல் சொந்தமாக வானொலி நிலையம் தொடங்கினார். மருத்துவப் படிப்பில்லாத அவர் சில ஆண்டுகளில் புற்றுநோய் மருத்துவமனையும் திறந்து, மருத்துவர்களையும் அவர்கள் சங்கத்தையும் தன் நிலையத்தில் நாள்தோறும் வைதார். தர்பூசணி விதை, மக்காச்சோள நார், குளோவர் என்னும் தீவனச் செடியின் இலை ஆகியவற்றைக் கொதிக்கவைத்த நீர் அவருடைய மருந்துகளில் ஒன்று. 1931இல் வானொலி உரிமம் பறிபோனது. மருத்துவச் சங்கத்தின்மேல் போட்ட வழக்கில் 1932இல் தோற்றார். மெக்சிகோ எல்லைக்குள் போய் இன்னும் சக்திவாய்ந்த நிலையம் ஒன்றை நிறுவி அங்கிருந்து அமெரிக்காவை நோக்கிப் பேசினார். கடைசியில் அவரைச் சிக்கவைத்தது மருந்துச் சட்டம் அல்ல, தபால் சட்டம். 1940இல் தபால் மோசடிக்காக நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

பேக்கரிடம் சிறிது காலம் சேர்ந்திருந்த ஹேரி ஹாக்ஸி அவரைவிடப் பெரிய ஆளானார். இல்லினாய்ஸ்காரர், பள்ளிப் படிப்பே அதிகமில்லாதவர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் கையில் இருந்தது ஒரு கதை. கொள்ளுத் தாத்தாவின் குதிரைக்குக் காலில் கட்டி வந்தது, மேய்ச்சல் நிலத்தின் ஒரு மூலையில் சில செடிகளை மட்டும் தேடித் தின்று குதிரை தானே பிழைத்தது, அந்தச் செடிகளின் சூத்திரம் தகப்பன் வழி மகனுக்கு வந்தது. 1936இல் டல்லஸ் நகரில் ஹாக்ஸி திறந்த மருத்துவமனை 1950களில் ஆயிரக்கணக்கானோரை ஈர்த்தது. உள்ளே கொடுத்த கஷாயத்தில் பொட்டாசியம் அயோடைடு, அதிமதுரம், சிவப்புக் குளோவர் பூ, பர்டாக் வேர் போன்றவை இருந்தன. வெளிப்பூச்சில் இருந்தது பிளட்ரூட், துத்தநாகக் குளோரைடு, ஆர்சனிக், ஆன்டிமனி. நூறாண்டுக்கு முந்தைய லண்டன் மருத்துவமனைக் களிம்புதான் குதிரைக் கதையைப் போர்த்திக்கொண்டு டெக்சாஸில் விற்றது.

ஹாக்ஸியை மருத்துவச் சங்க இதழின் ஆசிரியர் மோரிஸ் ஃபிஷ்பைன் போலி என்று எழுதினார். ஹாக்ஸி மானநஷ்ட வழக்குப் போட்டு வென்றார். நீதிபதி கொடுத்த நஷ்டஈடு ஹாக்ஸிக்கு ஒரு டாலர், இறந்த அவர் தகப்பனுக்கு ஒரு டாலர். தொகை அற்பம், ஆனால் மருத்துவச் சங்கத்தையே வென்ற மனிதர் என்ற பெயர் கிடைத்தது. எந்த விளம்பரத்தாலும் வாங்க முடியாத பெயர் அது.

அரசின் உணவு மருந்து நிர்வாகம் வேறு வழியில் போனது. ஹாக்ஸி குணமாக்கியதாகச் சொன்ன சுமார் 400 பேரைத் தேடிப் போய் ஒவ்வொருவரின் பழைய மருத்துவக் குறிப்புகளையும் பார்த்தது. அவர்கள் மூன்று வகையில் அடங்கினார்கள். சிலருக்குப் புற்றுநோயே இருந்ததில்லை. கட்டியென்று பயந்து வந்தவர்களுக்குத் திசுப் பரிசோதனை செய்யாமலேயே சிகிச்சை தொடங்கியிருந்தது. சிலர் ஹாக்ஸியிடம் வருமுன்பே அறுவையிலோ கதிர்வீச்சிலோ குணமாகியிருந்தார்கள். மீதிப் பேருக்கு நோய் இன்னும் இருந்தது, அல்லது அவர்கள் இறந்துபோயிருந்தார்கள். ‘எனக்குக் குணமாயிற்று’ என்று ஒருவர் மனமாரச் சொல்லும் சாட்சியத்தை எப்படிப் படிப்பது என்பதற்கு அன்று கிடைத்த பாடம் இன்றைக்கும் பழசாகவில்லை. அங்கே சாட்சி சொன்னவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு என்ன நோய் இருந்தது, எது அதைத் தீர்த்தது என்பதே அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. அதற்கு ஹாக்ஸி மட்டும் பொறுப்பல்ல. முன்பு அறுவை செய்த மருத்துவர், எடுத்த கட்டி புற்றுநோய்தான், அது முழுதும் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் அந்த நோயாளி டல்லஸுக்கு ரயில் ஏறியிருக்கமாட்டார்.

1956இல் நிர்வாகம் ஹாக்ஸி சிகிச்சைக்கு எதிராகப் பொது எச்சரிக்கை வெளியிட்டது. அடுத்த ஜனவரியில் நாடெங்கும் 46,000 அஞ்சலகங்களிலும் கிளைகளிலும் அதைச் சுவரொட்டியாக ஒட்டினார்கள். 400 டாலர் கட்டணம், மேற்கொண்டு 60 டாலர், இரண்டும் வீண் என்று விலை விவரத்தோடு அறிவித்த சுவரொட்டி. ஜான்சனின் மாத்திரைகளைச் சுமந்து சென்ற அதே தபால் துறை இப்போது எச்சரிக்கையைச் சுமந்தது. 1960இல் டல்லஸ் மருத்துவமனை மூடப்பட, 1963இல் ஹாக்ஸியின் தலைமைச் செவிலி மில்ட்ரெட் நெல்சன் எல்லை தாண்டி மெக்சிகோவின் டிஹுவானாவில் மீண்டும் திறந்தார். 1967இல் ஹாக்ஸிக்கே புராஸ்டேட் புற்றுநோய் வந்தது. தன் கஷாயம் கேட்காததால் அவர் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

மோசடிக்காரர்கள் மட்டும்தான் வழிதவறினார்கள் என்றில்லை. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத் துணைத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ ஐவி நாடறிந்த உடலியல் அறிஞர். அவர் 1951இல் கிரெபியோசன் என்ற மருந்தைப் பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தார். அது பல்லாண்டு சர்ச்சையானது. 1963இல் நிர்வாகத்தின் வேதியியலாளர்கள் அதன் மாதிரியை அகச்சிவப்பு நிறமாலையில் ஆராய்ந்தபோது தெரிந்தது கிரியேட்டின், தசையில் சாதாரணமாக இருக்கும் பொருள்.

எச்சரிக்கைகள் பெருகிய இந்தக் காலத்திலும் மருத்துவரின் மௌனம் கலையவில்லை. 1961இல் டொனால்டு ஓக்கன் சிகாகோவின் மைக்கேல் ரீஸ் மருத்துவமனையில் 219 மருத்துவர்களிடம் கேட்டறிந்து வெளியிட்ட ஆய்வில், 90 விழுக்காட்டினர் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாமலிருப்பதையே விரும்பினார்கள். காரணம் கேட்டால் நோயாளி மனமுடைந்துவிடுவார் என்றார்கள். அதற்கு ஆதாரமாக ஆய்வு எதையும் காட்டவில்லை, தங்கள் அனுபவத்தைக் காட்டினார்கள். ஆக, தன் நோய் எதுவென்றே தெரியாத ஒருவரிடம் இன்னின்ன சிகிச்சைகள் உண்டு என்று சொல்வது எப்படி? அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் ‘நிரூபிக்கப்படாத முறைகள்’ என்று ஒரு பட்டியலை வைத்துப் பராமரித்துவந்தது. எதைத் தொடக்கூடாது என்பது அதில் இருந்தது.

இந்த நிலையை மாற்றியதில் பெண்களுக்குப் பெரும் பங்குண்டு. அப்போது மார்பில் கட்டி என்றால் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, திசுவை எடுத்து உறையவைத்துப் பார்த்து, புற்றுநோய் என்று தெரிந்தால் அவர் கண் விழிக்கும் முன்பே மார்பை எடுத்துவிடுவார்கள். ஒரே கட்டச் சிகிச்சை என்று பெயர். சம்மதக் கையெழுத்து முன்கூட்டியே வாங்கப்பட்டிருக்கும். கையெழுத்திட்டவர் எதற்குச் சம்மதித்தார் என்பது மயக்கம் தெளிந்து கையால் தடவிப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரியவரும். மேரிலாந்தில் வாழ்ந்த பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர் 1974இல் தன் மார்பில் கட்டியைக் கண்டதும், பரிசோதனையை மட்டும் செய்யுங்கள், பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்று கேட்டார். ஒப்புக்கொள்ளும் அறுவை மருத்துவரைக் கண்டுபிடிப்பதே அவருக்குப் பெரும்பாடானது. நூலகங்களில் சாமானியர் படிக்கும்படி ஒன்றும் அகப்படவில்லை. மருத்துவ இதழ்களில் தேடினால், ஹால்ஸ்டெட் அறுவை தேவையா என்று ஐரோப்பிய மருத்துவர்களும் அமெரிக்காவிலேயே சிலரும் பல்லாண்டாகக் கேட்டுவருவது தெரிந்தது. மருத்துவர்களுக்குள் நடந்த வாதம் நோயாளியின் காதுக்கு எட்டாமல் இருந்தது, அவ்வளவுதான். குஷ்னர் கடைசியில் தசையை விட்டுவைக்கும் அறுவையைப் பஃபலோ நகரில் செய்துகொண்டார்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு மார்பில் கட்டி என்ற செய்தி வந்தது. ஒரே கட்டமாகச் செய்ய வேண்டாம் என்று சொல்ல குஷ்னர் வெள்ளை மாளிகைக்கே தொலைபேசியில் பேசினார். ஜனாதிபதி முடிவெடுத்துவிட்டார் என்று பதில் வந்ததாக அவர் பின்னர் சொன்னார். உடம்பு யாருடையது, முடிவு யாருடையது என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாக எந்தக் கட்டுரையாலும் எழுப்பியிருக்க முடியாது. 1975இல் அவர் மார்பகப் புற்றுநோய் பற்றிய தன் நூலை வெளியிட்டார், கேட்பவர்களுக்குத் தகவல் தர ஆலோசனை மையமும் தொடங்கினார். 1979இல் தேசிய நல்வாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழுவில் மருத்துவம் படிக்காத ஒரே உறுப்பினராக அமர்ந்தார். பரிசோதனையையும் அறுவையையும் இரண்டு கட்டமாகப் பிரிக்க அந்தக் குழு பரிந்துரைத்தது. மார்பகப் புற்றுநோய் நோயாளிக்கு எல்லாச் சிகிச்சை வழிகளையும் மருத்துவர் எடுத்துச் சொல்லியாக வேண்டும் என்று அதே ஆண்டு மாசசூசெட்ஸ் சட்டம் இயற்றியது. அந்த ஆண்டில்தான் ஓக்கனின் கேள்வியை வேறொரு குழு மருத்துவர்களிடம் திரும்பக் கேட்டது. நோயாளியிடம் சொல்வதையே விரும்புகிறோம் என்றவர்கள் 97 விழுக்காடு. பதினெட்டு ஆண்டுகளில் ஒரு தொழிலின் பழக்கம் இப்படித் தலைகீழானதற்கு வேறு உதாரணம் எளிதில் கிடைக்காது.

அரசின் பக்கத்திலும் கதவு திறந்தது. 1971 டிசம்பரில் நிக்சன் கையெழுத்திட்ட தேசியப் புற்றுநோய்ச் சட்டம், ஆராய்ச்சிப் பணத்தோடு தகவல் பரப்பும் கடமையையும் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின்மேல் சுமத்தியது. 1975இல் புற்றுநோய்த் தகவல் சேவை தொடங்கியது. கட்டணமில்லாத் தொலைபேசியில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எடுப்பவர் மருத்துவர் அல்ல, பயிற்சி பெற்ற பணியாளர். இதைச் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லமாட்டார், இன்ன மருத்துவரிடம் போங்கள் என்றும் சொல்லமாட்டார். என்னென்ன சிகிச்சைகள் உண்டு, எதைப் பற்றி என்ன தெரிந்திருக்கிறது, மருத்துவரைப் பார்க்கும்போது என்ன கேட்க வேண்டும் என்பதை எடுத்துச் சொல்வார். 1982இல் பிடிக்யூ என்ற கணினித் தரவுத்தளம் வந்தது. ஒவ்வொரு புற்றுநோய்க்கும் சிகிச்சைச் சுருக்கம், நடந்துகொண்டிருக்கும் சோதனைகளின் விவரம், மருத்துவர் பட்டியல் மூன்றும் அதில் இருந்தன. மருத்துவர்களுக்கென்று தொடங்கிய அதில் பிறகு நோயாளிகளுக்கான எளிய வடிவமும் சேர்ந்தது. தொலைநகல், மின்னஞ்சல், இணையம் என்று வாகனம் மாறியதே தவிர, வல்லுநர் குழு புதிய ஆய்வுகளைப் படித்துச் சுருக்கத்தைத் திருத்திக்கொண்டே வரும் முறை மாறவில்லை.

இந்தச் சேவைக்கு வந்த முதல் பெரும் சோதனை லேட்ரைல். ஆப்ரிகாட் பழக்கொட்டையின் பருப்பில் இருக்கும் அமிக்டலின் என்ற பொருளை ஒட்டிச் செய்தது அது. வயிற்றுக்குள் போனால் சயனைடை விடுவிக்கும். கலிஃபோர்னியாவின் எர்ன்ஸ்ட் கிரெப்ஸ் தந்தையும் மகனும் இதைப் பரப்பினார்கள். மருந்துச் சட்டத்தின் பிடியிலிருந்து நழுவ, இது மருந்தல்ல, பி17 என்ற வைட்டமின் என்று மகன் பெயர் சூட்டினார். அப்படி ஒரு வைட்டமின் கிடையாது. 1972இல் லேட்ரைல் கொடுத்த கலிஃபோர்னிய மருத்துவர் ஒருவர் கைதானதும் சிகிச்சைத் தேர்வுச் சுதந்திரக் குழு என்ற அமைப்பு முளைத்தது. மருந்தின் வாதம் அரசியல் வாதமாக மாறியது: என் உடம்புக்கு நான் எதைச் சாப்பிடுவது என்று அரசு சொல்வதா? 1976இல் அலாஸ்காவில் தொடங்கி இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் லேட்ரைலை அனுமதித்தன. மருத்துவர்கள் தங்களைக் கேட்பதில்லை என்று குஷ்னர் போன்றவர்கள் எழுப்பிய அதே குறையைத்தான் லேட்ரைல் இயக்கமும் முதலாக்கிக்கொண்டது. குறை நியாயமானது, விற்ற சரக்குதான் பொய்.

நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் நிறுவனம் இதில் தானே தடுக்கிவிழுந்தது. அதன் மூத்த ஆய்வாளர் கனெமாட்சு சுகியுரா 1972 முதல் எலிகளில் லேட்ரைலைச் சோதித்து, கட்டி குறையவில்லையென்றாலும் நுரையீரலுக்குப் பரவுவது குறைந்ததாகக் குறித்துவைத்தார். மற்றவர்கள் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 1977 ஜூனில் பத்திரிகையாளர் கூட்டத்தில் லேட்ரைல் பயனற்றது என்று நிறுவனம் அறிவித்தது. கூட்டத்திலேயே அமர்ந்திருந்த சுகியுராவிடம், உங்கள் முடிவில் நிற்கிறீர்களா என்று கேட்டபோது நிற்கிறேன் என்றார். நிறுவனத்தின் செய்தித் தொடர்புத் துறையில் வேலைபார்த்த ரால்ஃப் மாஸ், முடிவுகள் மறைக்கப்பட்டதாகக் குற்றம்சாட்டி நவம்பரில் வேலையிழந்தார். பின்னாளில் மாற்றுச் சிகிச்சைகளைப் பற்றி எழுதி, நோயாளிகளுக்கு அறிக்கை தயாரித்துத் தருவதையே தொழிலாக்கிக்கொண்டார். ஆரம்பத்திலேயே எல்லா முடிவுகளையும், முரண்பட்டவற்றையும் சேர்த்து, மேசையில் போட்டிருந்தால் இந்தச் சந்தேகத்துக்கு இடமே இருந்திருக்காது.

கடைசியில் மனிதர்களிடமே சோதித்துப் பார்ப்பதென்று தேசியப் புற்றுநோய் நிறுவனம் முடிவுசெய்தது. பயனற்றது என்று தெரிந்த ஒன்றை எதற்குச் சோதிப்பது என்று மருத்துவர்கள் பலர் எதிர்த்தார்கள். மாயோ மருத்துவமனையின் சார்லஸ் மொயர்டெல் தலைமையில் நான்கு மையங்களில் 178 நோயாளிகளுக்கு, இயக்கத்தினர் சொன்ன உணவு முறை, வைட்டமின்களோடு சேர்த்தே லேட்ரைல் கொடுக்கப்பட்டது. 1982 ஜனவரியில் முடிவு வெளியானது. யாருக்கும் குணமாகவில்லை. ஒருவருக்கு மட்டும் கட்டி சிறிது காலம் சுருங்கி மீண்டும் வளர்ந்தது. சிலருடைய ரத்தத்தில் சயனைடு அபாய அளவை நெருங்கியது. அதன்பிறகு லேட்ரைலின் மவுசு வேகமாகக் குறைந்தது. இருபது ஆண்டு எச்சரிக்கைகள் செய்யாததை ஒரு சோதனை செய்தது.

மாற்றுச் சிகிச்சையை நாடுபவர்கள் படிக்காதவர்கள், வேறு கதியில்லாதவர்கள் என்றொரு எண்ணம் மருத்துவர்களிடம் இருந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பேரி கேசிலெத் 1984இல் 660 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு அதைப் பொய்யாக்கியது. நாடியவர்கள் மற்றவர்களைவிட அதிகம் படித்தவர்களாக இருந்தார்கள். அதைவிட வியப்பு, அந்தச் சிகிச்சைகளைத் தந்தவர்களில் 60 விழுக்காட்டினர் முறையாகப் பட்டம் பெற்ற மருத்துவர்கள்.

1990இல் நாடாளுமன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் வழக்கத்துக்கு மாறான புற்றுநோய்ச் சிகிச்சைகளைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. பட்டியலிட்டு விலக்குவதற்குப் பதில், ஒவ்வொன்றின் வரலாறு, கொள்கை, கிடைத்த ஆதாரம் ஆகியவற்றை அது தனித்தனியே எடுத்துச் சொன்னது. 1991இல் புற்றுநோய் நிறுவனம், மாற்றுச் சிகிச்சை தருபவர்கள் தங்கள் மிகச் சிறந்த நேர்வுகளைக் கொண்டுவரலாம் என்று அழைத்தது. நிபந்தனைகள் ஹாக்ஸி விசாரணையின் மூன்று ஓட்டைகளையும் அடைத்தன: புற்றுநோய்தான் என்பதற்குத் திசுப் பரிசோதனைச் சான்று வேண்டும், கட்டி சுருங்கியதற்குப் படம் வேண்டும், வேறு சிகிச்சை உடன் நடந்திருக்கக்கூடாது. 1992இல் செனட்டர் டாம் ஹார்க்கினின் முயற்சியால் 20 லட்சம் டாலரோடு மாற்று மருத்துவ அலுவலகம் உருவானது.

புற்றுநோய் நிறுவனத்தின் அழைப்பை ஏற்று வந்தவர்களில் ஒருவர் நியூயார்க் மருத்துவர் நிக்கோலஸ் கொன்சாலஸ். கணைய நொதிகள், கட்டுப்பாடான உணவு, காபி எனிமா இவை அவர் முறை. 1993இல் அவர் காட்டிய நேர்வுகள் நிறுவனத்தின் ஆர்வத்தைத் தூண்டின. அரசுப் பணத்தில் கணையப் புற்றுநோய்க்குச் சோதனை நடந்தது. குலுக்கல் முறையில் பிரிக்க நோயாளிகள் சம்மதிக்காததால், விரும்பியதைத் தேர்ந்தெடுக்க விட்டார்கள். 2009இல் வெளியான முடிவில், கீமோதெரபி பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 14 மாதம், நொதி முறையைத் தேர்ந்தவர்களுக்கு 4.3 மாதம். கொன்சாலஸ் சோதனை நடந்த விதத்தில் குறைகள் சொன்னார். ஆனால் கேட்பவருக்குச் சொல்ல இப்போது ஒரு எண் இருந்தது.

சோதனை எப்போதும் எதிராகவே முடியும் என்றும் இல்லை. புற்றுநோய் நிறுவனத்தின் ஜொனாதன் ஹார்ட்வெல் உலகெங்கும் நாட்டு மருத்துவத்தில் புற்றுக்குப் பயன்படுத்திய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தாவரங்களைத் தொகுத்து 1967 முதல் 1971 வரை வெளியிட்டார். பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து டாக்சால் என்ற புற்றுநோய் மருந்து வந்தது. தமிழ்நாட்டில் கேட்பாரற்று முளைத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் 1960களின் தொடக்கத்திலேயே மருந்துகளாகிவிட்டன. நீரிழிவுக்கு உதவுமா என்று பார்க்கப்போய்க் கண்டது அது. தென் மாவட்டங்களில் அதைப் பயிரிட்டு இலையை ஏற்றுமதி செய்வதும் இதனால்தான். மூலிகையா வேதிப்பொருளா என்பது அங்கே வேலியாக இருக்கவில்லை.

இணையம் வந்தபோது இரண்டு பக்கமும் ஒரே திரையில் வந்து உட்கார்ந்தன. பிடிக்யூ சுருக்கங்கள் இலவசமாகக் கிடைத்தன, லேட்ரைலுக்கும் சுறாக் குருத்தெலும்புக்கும் தனித்தனிச் சுருக்கம் எழுதப்பட்டது. ஸ்லோன் கெட்டரிங் மூலிகைகளுக்கென்று தகவல் தளம் தொடங்கியது, அதை முன்னெடுத்தவர் 1984 ஆய்வைச் செய்த அதே கேசிலெத். யேல் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, பரவாத நிலையிலுள்ள நான்கு வகைப் புற்றுநோய்களில் மாற்றுச் சிகிச்சையை மட்டுமே நாடிய 281 பேருக்கு மரண வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகம். இவர்களும் படித்தவர்கள், வசதியானவர்கள். 2017 ஏப்ரலில் உணவு மருந்து நிர்வாகம், 65க்கும் மேற்பட்ட பொருள்களைப் புற்றுநோய் மருந்தென்று இணையத்தில் விற்ற 14 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்த நிர்வாகம் எச்சரிக்கும் சரக்குகளில் கருங்களிம்பு என்று ஒன்று உண்டு. அதில் வழக்கமாக இருப்பது பிளட்ரூட்டும் துத்தநாகக் குளோரைடும்.